ஓடு மட்டும் நண்டு

1

போன வாரம் நாகப்பட்டினத்துலேர்ந்து அக்கா மகன் போன் பண்ணினான். "சித்தி, உங்க மலேசியா டிவியில வர்ற சமையல்காரரு நம்ம ஊர்ல கடை திறக்கிறாராம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பெரிய தட்டி வெச்சிருக்காங்க. ரெண்டு கையிலயும் ரெண்டு நண்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. தை கடைசியில திறப்பு விழாவாம்!" அவன் சந்தோஷமாத்தான் சொன்னான். எனக்கு இங்கே கோபம் உச்சந்தலைக்கு ஏறிடுச்சு.

அந்த ஆள் பேரை இதுல எழுத மாட்டேன். எழுதினா அதுவும் அவனுக்கு விளம்பரமா ஆயிடும். டிவியில எந்நேரமும் முழ நீளத்துக்கு வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு நிப்பான். அதனால தொப்பிக்காரன்னு வெச்சுக்குவோம்.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு பாலர் பள்ளியில டீச்சர். குழந்தைங்களுக்கு அ, ஆ எழுதிக் காட்டுறதோட என் எழுத்து முடிஞ்சுடும். ஆனா இந்தப் பத்திரிகை நம்ம ஊர் டீக்கடை வரைக்கும் போகும்னு தெரியும். அதான் உட்கார்ந்துட்டேன். நீங்கள்லாம் நல்லா இருக்கணும்னு எழுதறதா நினைச்சுக்காதீங்க. அவன் நல்லா இருக்கக் கூடாதுன்னு எழுதறேன்.

2

நான் கல்யாணமாகி இங்கே வந்தது எழுபதுகளோட ஆரம்பத்துல. அப்பல்லாம் நாகப்பட்டினத்துலேர்ந்தே கப்பல் ஏறலாம். படகுல ஏத்தி, நடுக்கடல்ல நிக்கிற கப்பலுக்குக் கொண்டுபோவாங்க. அம்மா அழுதாங்க, அப்பா வேற பக்கம் பார்த்துக்கிட்டு நின்னார். என் அக்கா சாரதா மட்டும் அழலை. படகு கிளம்பறப்ப சத்தமா ஒண்ணு சொன்னா.

"விஜி, இனிமே நீ வந்து என் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுற வரைக்கும் நண்டு என் வாயில படாது. நீலாயதாட்சி மேல ஆணை!"

அக்காவுக்கு நண்டுன்னா உயிர். காலை உடைச்சு உறிஞ்சற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். காசிக்குப் போறவங்க பிடிச்சதை விட்டுட்டு வருவாங்க இல்லையா, அந்த மாதிரி அவ எனக்காக விட்டா. ஒரு வருஷம், ரெண்டு வருஷம், வந்துட மாட்டாளான்னு நினைச்சிருப்பா.

நான் ரெண்டு தடவைதான் போனேன். அப்பா தவறினப்ப ஒண்ணு, அம்மா தவறினப்ப ஒண்ணு. வெளிநாட்டுல வாழ்க்கைப்பட்டவ வேற எதுக்குப் போறா? தந்தி வரும், கையில கிடைச்ச டிக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவோம். சாவு வீட்டுல நண்டு வேகுமா? பதினாறாம் நாள் காரியம் முடியற வரைக்கும் கவுச்சி கூடாது. காரியம் முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலமே எனக்கு மெட்ராஸ் பஸ், ஏன்னா லீவு அவ்வளவுதான். ரெண்டு தடவையும் அக்கா பஸ் ஸ்டாண்ட்ல நின்னு, "பரவாயில்லடி, அடுத்த தடவை"ன்னு சொன்னா.

அப்படியே இருபது வருஷம் ஓடிப்போச்சு. அவ பிள்ளைங்க நண்டு தின்னு வளர்ந்தாங்க. அவளே ஆக்கிப் போட்டா. ருசி பார்க்கக்கூட நாக்குல வைக்கலை.

3

போன வருஷம் எங்க வீட்டுக்காரர் திடீர்னு ஒரு நாள், "உங்க அக்காவை இங்கே கூப்பிட்டுடலாம் லா"ன்னார். இங்கே பேச்சுக்கு வால் மாதிரி ஒரு லா ஒட்டிக்கும். ரயில்வேயில கிளார்க். சிக்கனமான மனுஷன். மலிவா ஒரு டிக்கெட் கிடைக்கவும் கையோட போட்டுட்டார். நான் அவருக்குக் கோயில் கட்டலாமான்னு நினைச்சேன்.

அக்கா சுபாங் ஏர்போர்ட்ல வந்து இறங்கினா. நான் கட்டிப்பிடிச்சு அழுதுட்டு, கார்ல வர்றப்பவே ஆரம்பிச்சேன். "நாளைக்கே பாசார் போய் நண்டு வாங்கறேன்க்கா." அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. "ஏன்டி, இன்னிக்குப் புரட்டாசி ஒண்ணு இல்ல?"

வண்டி ஓட்டிக்கிட்டிருந்த எங்க வீட்டுக்காரர் ரோட்டையே உத்துப் பார்த்தார். ஒரு மாச விசா. அந்த ஒரு மாசமும் புரட்டாசி! டிக்கெட் ஏன் மலிவா கிடைச்சதுன்னு கூட அந்த மனுஷன் யோசிக்கலை. எங்க மாமியார் காலத்துலேர்ந்து இந்த வீட்டுல புரட்டாசி முழுக்க முட்டை கூட உள்ளே வராது. அக்காவும் அதுல கண்டிப்பு. கோயில் கட்டற யோசனையை அன்னிக்கே கைவிட்டேன்.

ஆக, அக்கா வந்து சாம்பாரும் ரசமுமா சாப்பிட்டா. பக்கத்து வீட்டுப் பொண்ணு, "தண்ணி கலக்கட்டுங்களா அக்கா?"ன்னு கேட்டதும் பதறிப்போய் என்கிட்ட ஓடி வந்தா. இங்கே தண்ணி கலக்குறதுன்னா டீ போடறதுன்னு விளக்கிச் சொல்றதுக்குள்ள எனக்கு சிரிச்சு சிரிச்சு வயித்தை வலிச்சது. பதினேழு வயசு என் மக கல்பனாவோடதான் அவளுக்குக் கஷ்டம். அவ அக்காவை ஆன்டின்னு கூப்பிட்டா. "பெரியம்மான்னு சொல்லுடி"ன்னா, "ஓகே ஓகே"ன்னுட்டு ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்திக்குவா. தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் வரும்.  சாத்தின கதவையே அக்கா கொஞ்ச நேரம் பார்ப்பா, அவ்வளவுதான்.

அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்தது டிவி முன்னாடிதான். வாரத்துல ஒரு நாள் தொப்பிக்காரன் நிகழ்ச்சி. அவன் சட்டியில நண்டைப் போட்டுப் புரட்டுவான். நாங்க தட்டுல கத்தரிக்காய் கூட்டைப் போட்டுக்கிட்டுப் பார்ப்போம். "எங்க குடும்பமே நாகப்பட்டினங்க, நண்டு எங்க ரத்தத்துல ஓடுது"ன்னு மார்ல தட்டிக்குவான். அக்கா அதுல விழுந்துட்டா.

"விஜி, நம்ம ஊருப் பிள்ளை. அவன் கடையிலயே விரதத்தை முடிச்சுக்கறேன்டி."

"நான் ஆக்கித் தரேன்க்கா. எதுக்குக் கடை?"

"நீ ஆக்கினா அடுப்படியில நிப்பே. பரிமாறுவே. கடைசியில தனியா உட்கார்ந்து திம்பே. நான் என்ன சொல்லி வேண்டிக்கிட்டேன்? பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடணும்னுதானே?"



4

புரட்டாசி முடியற அன்னிக்கே விசாவும் முடியுது. அதனால இமிகிரேஷன் ஆபீஸுக்குப் போனோம். நம்பர் சீட்டு எடுத்துட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில காலையிலேர்ந்து உட்கார்ந்து, ஒரு கவுன்டர்லேர்ந்து இன்னொரு கவுன்டருக்கு அனுப்பி, போட்டோ பின்னணி நீலமா இருக்கணும்னு திருப்பி அனுப்பி, மறுபடியும் வந்து உட்கார்ந்தோம். கடைசியில முக்காடு போட்ட ஒரு மலாய்க்கார அம்மா, ஏன் தங்கணும்னு கேட்டாங்க.

எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் மலாய்ல என்னமோ சுத்தி வளைச்சார். அந்தம்மா தலையை ஆட்டலை. எனக்குப் பொறுமை போயிடுச்சு. என் உடைஞ்ச மலாய்ல நானே சொன்னேன்: இவங்க என் அக்கா, என்கூட உட்கார்ந்து நண்டு சாப்பிடணும், இருபது வருஷமா நண்டு சாப்பிடலை. அந்தம்மா பேனாவைக் கீழே வெச்சுட்டு அக்காவைப் பார்த்தாங்க.

"புவாசாவா?"ன்னாங்க. அவங்க ரம்ஜான்ல இருக்கிற நோன்புக்கு அதுதான் பேரு.

"ஆமா, இருபது வருஷப் புவாசா."

அந்தம்மா சிரிக்கலை. ஒரு வாரம் கூடுதலா முத்திரை குத்திக் கொடுத்தாங்க. விமானத்துல சீட்டு கிடைச்சது அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம். புரட்டாசி முடிஞ்சது வியாழக்கிழமை. வெள்ளி, சனி கவுச்சி ஆகாது. திங்கள் அக்கா சிவனுக்கு ஒருபொழுது. செவ்வாய் முருகனுக்கு. நடுவுல எங்களுக்குன்னு இருந்தது ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை.

5

கடை போர்ட் கிள்ளான் போற ரோட்டுல. வாசல்லயே ஆளுயரத்துக்கு அவன் படம். உள்ளே கண்ணாடித் தொட்டியில தண்ணி ஓடுது, உள்ளே ஒரு உயிரும் இல்லை. அக்கா பட்டுப்புடவை கட்டி, மல்லிகைப்பூ வெச்சு, கல்யாணத்துக்கு வந்தவ மாதிரி உட்கார்ந்திருந்தா. சமையல்கட்டுக் கதவுக்குப் பக்கத்துல மேசை கொடுத்தானுங்க. கதவு திறக்கிறப்பல்லாம் எண்ணெய்ப் புகை மூஞ்சியில அடிச்சது.

ஆர்டர் எடுக்க வந்தவர்கிட்ட முழு நண்டு கேட்டேன்.

"முழு நண்டு ஃபினிஷ் லா அக்கா. செஃப் ஸ்பெஷல் எடுங்க. சதையெல்லாம் எடுத்து, மசாலா போட்டு, ஓட்டுக்குள்ளயே வெச்சுத் தருவாங்க. உடைக்கிற வேலையே இல்லை."

"எனக்கு உடைக்கணும் தம்பி"ன்னா அக்கா.

"அது ஓல்ட் ஸ்டைல் ஆன்டி."

ரொம்ப நேரம் கழிச்சு வந்துச்சு. ஆளுக்கு ஒரு ஓடு, அதுமேல சீஸ், அதுமேல ஒரு கொத்தமல்லித் தழை. அக்கா என் பக்கத்துல நெருங்கி உட்கார்ந்தா. கண்ணை மூடி, "நீலாயதாட்சி தாயே, பார்த்துக்கோ, பக்கத்துல உட்கார்ந்திருக்கா"ன்னு முணுமுணுத்தா. ஒரு வாய் எடுத்துப் போட்டா. மென்னா. இன்னும் மென்னா. முழுங்கினா.

"நல்லா இருக்குடி விஜி."

அக்காவுக்குப் பொய் வராது. சொன்னா குரல் மெலிஞ்சிடும். அன்னிக்கு அந்தக் குரல் நூலாட்டம் வந்தது.  நானும் ஒரு வாய் போட்டேன். இனிப்பா, சவசவன்னு ரப்பர் மாதிரி என்னமோ பல்லுல வழுக்கிக்கிட்டு ஓடுச்சு.

கல்பனா முள்கரண்டியால கிளறிப் பார்த்தா. "மா, திஸ் ஒன் கிராப் இல்ல. கிராப் ஸ்டிக் லா. ஃபிரெண்ட்ஸ் வீட்டுல ஸ்டீம்போட் செய்றப்ப நாங்க சூப்புல போடுவோம். மீனை அரைச்சு, மாவு போட்டு, கலர் அடிச்சு விக்கிறது. பாருங்க." அவ ஒரு துண்டை இழுத்தா. பாய் சுருட்டினதைப் பிரிக்கிற மாதிரி படலம் படலமா பிரிஞ்சு வந்தது. ஓரத்துல சிவப்புச் சாயம். ஓட்டைக் கவிழ்த்துப் பார்த்தா, அடியில பழைய மசாலாக் கறை, ஓரமெல்லாம் தேஞ்சு வழவழன்னு இருக்கு. எத்தனை பேர் தின்னு, எத்தனை தடவை கழுவி வெச்ச ஓடோ!

அந்த நேரம் பார்த்துத்தான் தொப்பிக்காரன் மேசை மேசையா வந்தான். கூட ஒரு போட்டோக்காரன்.

"எப்படிக்கா? நம்ம ஊரு டேஸ்ட் இருக்கா?"

"அண்ணே, இது நண்டா?"ன்னு கேட்டேன்.

கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரிச்சான். "ஜப்பான் ஸ்டைல் அக்கா. இன்டர்நேஷனல் லெவல். கம்பத்துலேர்ந்து வந்தவங்களுக்கு இதெல்லாம் விளங்காது லா. அவங்களுக்கு என்ன, கொடுத்ததைச் சாப்பிட்டுட்டுப் போவாங்க." கம்பம்னா இங்கே பட்டிக்காடு. அப்படிச் சொல்லிட்டு என் அக்கா தோள்மேல கையைப் போட்டான். போட்டோக்காரன் தட்டிட்டான். அக்கா, பாவி மக, அதுக்கும் சிரிச்சா!

எனக்கு வாய் நிறைய வார்த்தை வந்து நின்னுச்சு. எங்க வீட்டுக்காரர், "விடு லா, விடு லா"ன்னார். மேசைக்குக் கீழே அக்கா என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. அந்தப் பிடிக்காகத்தான் அன்னிக்கு அவன் தப்பிச்சான். கிளம்பறப்ப கையில கொடுத்த அந்தப் போட்டோ இப்ப என்கிட்ட இருக்கு. கத்தரிக்கோலால அவனை மட்டும் வெட்டிக் குப்பையில போட்டேன். கையை மட்டும் வெட்ட முடியலை, வெட்டினா அக்கா தோளும் போயிடும்.

திரும்பி வர்றப்ப கார்ல, கொஞ்ச தூரம் வந்தப்புறம் அக்கா கல்பனாவைக் கேட்டா. "அது நண்டு இல்லைன்னு உனக்கு நல்லாத் தெரியுமாம்மா?"

"ஷுவர் பெரியம்மா. டென் பெர்சென்ட் கூட இல்ல."

அக்கா, "சரி"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. பெரியம்மான்னு என் மக கூப்பிட்டதை அன்னிக்கு நான் சரியாக் கவனிக்கக்கூட இல்லை. அவ்வளவு எரிச்சல்ல இருந்தேன்.

6

திங்கட்கிழமை பூரா அவனை என்ன பண்ணலாம்னு யோசிச்சேன். கடை வாசல்ல போய் நின்னு கத்தலாமா? நகராண்மைக் கழகத்துக்கு எழுதிப் போடலாமா? தொப்பியைப் பிடுங்கி அதுல அவன் சீஸையே கொட்டலாமா? பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லித் தர்றப்பகூட மனசுல அவன் மூஞ்சிதான்.

செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டுட்டேன், காலையில அக்காவோட பெட்டியைக் கட்டிக்கிட்டிருந்தோம். கல்பனா பெரியம்மாவை வழியனுப்பணும்னு பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு வீட்டுல இருந்தா. வானொலியில நேயர்கள் கேள்விக்குப் பதில் சொல்ற நிகழ்ச்சி. விருந்தினர் யாருங்கறீங்க? சாட்சாத் அவனேதான்.

"மா, போன் பண்ணலாமா?"ன்னா கல்பனா.

அவ கண்ணுல என் கோபம் அப்படியே இருந்தது. இந்தப் பொண்ணு எனக்குப் பிறந்ததுதான்னு அன்னிக்குத்தான் நம்பினேன். விடாம விடாம நம்பரைச் சுத்திக்கிட்டே இருந்தா. மணி அடிச்சதும் என் கையில திணிச்சா.

"வணக்கம் நேயரே, எங்கேர்ந்து பேசுறீங்க?"

"பிரிக்பீல்ட்ஸ். பேர் விஜயா. அண்ணே, ஞாயித்துக்கிழமை உங்க கடைக்குக் குடும்பத்தோட வந்தோம்."

"ரொம்ப நன்றிக்கா! எஞ்சாய் பண்ணீங்களா?"

"உங்க ஸ்பெஷல் நண்டைச் சாப்பிட்டோம். அதை வீட்டுல செய்யணும்ணே. சதையைச் சுருட்டி ஓரத்துல சிவப்பு அடிக்கிறீங்களே, அது என்ன சாயம்?"

 அவன் தொண்டையைக் கனைச்சான். "அது... அது இம்போர்ட்டட் ஐட்டம் அக்கா..."

"எது இம்போர்ட்டட்? உள்ளே இருக்கிறதா, ஓடா? ஓடு தேஞ்சு கிடந்துச்சே, ஒரு ஓட்டைக் கழுவி எத்தனை பேருக்கு வெப்பீங்க? கம்பத்துக்காரங்க எங்களுக்கு விளங்கலை, கொஞ்சம் சொல்லுங்களேன்."

அறிவிப்பாளர் அம்மா சிரிப்பை அடக்கறது தெளிவாக் கேட்டுச்சு. "நேயர் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கிறது"ன்னு சொல்லிட்டு ஒரு பாட்டைப் போட்டுட்டாங்க. நான் துண்டிக்கலை, இன்னும் ரிசீவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன். கல்பனா கட்டில்மேல ஏறிக் குதிச்சா. அக்கா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுட்டு, "பாவம்டி அந்த ஆளு"ன்னா. பாவமா? அந்த அஞ்சு நிமிஷத்துக்கு நான் பழனிக்கு நடந்தே போவேன்.

அடுத்த நாள் பாசார்ல மீன் விக்கிறவர், "டீச்சர், என் நண்டுக்குச் சாயம் கிடையாது, தைரியமா வாங்க!"ன்னு கூவினார். செந்தூல்லேர்ந்து, பூச்சோங்லேர்ந்தெல்லாம் தெரிஞ்சவங்க போன் பண்ணி சிரிச்சாங்க. தொப்பிக்காரன் ரெண்டு வாரம் டிவியில கோழி சமைச்சான். ஆனா கடையை மூடலை. கூட்டம் கொஞ்சம் குறைஞ்சதா சொன்னாங்க. எனக்கு அது போதலை.

7

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சுபாங்ல உள்ளே போறதுக்கு முந்தி அக்கா என்னைத் தனியா ஒரு ஓரத்துக்குக் கூட்டிட்டுப் போனா. நான் அழுதேன். உன் இருபது வருஷத்தை அந்தப் படுபாவி கெடுத்துட்டான்க்கான்னு சொன்னேன்.

"அவனைத் திட்டாதே விஜி. எனக்கு நல்லதுதான் செஞ்சிருக்கான்."

"என்னக்கா உளர்றே?"

"அது நண்டு இல்லைன்னு உன் மகளே சொல்லிட்டா. அப்ப நான் வேண்டினது வேண்டினபடியே இருக்கு. நிஜ நண்டு ஒரு வாய் உள்ளே போயிருந்தா அதோட முடிஞ்சது. அப்பா இல்லை, அம்மா இல்லை. அதுவும் முடிஞ்சு போச்சுன்னா அப்புறம் எதைச் சொல்லி உன்னைக் கூப்பிடுவேன்?"

 அவ என் கன்னத்தைத் துடைச்சுவிட்டா.

"ரெண்டு தடவை வந்தே. ரெண்டு தடவையும் பொணத்தைப் பார்க்க வந்தே. மூணாவதா எனக்குன்னு வந்து நிக்காதே. யாரும் சாகாதப்ப ஒரு தடவை வாடி."

சொல்லிட்டு உள்ளே போயிட்டா. திரும்பிப் பார்க்கவே இல்லை.

அக்கா அவனை மன்னிச்சுட்டா. நான் மன்னிக்கலை. அவன் தெரிஞ்சா நல்லது செஞ்சான்? சாயம் பூசி ஏமாத்தினது ஏமாத்தினதுதான். அவன் இப்ப என் ஊருக்கே கடை போட வர்றான்னு அக்கா மகன் சொன்னதும், அன்னிக்கு மத்தியானமே பஞ்சாங்கத்தை எடுத்தேன். தை மாசம். பூசம் முடிஞ்சு நாலு நாள் கழிச்சு ஒரு புதன்கிழமை. அமாவாசை இல்லை, சஷ்டி இல்லை, கிருத்திகை இல்லை. இந்தத் தடவை டிக்கெட்டை நானே போய்ப் போட்டேன்.

பள்ளியில லீவு கேட்டேன். தலைமை ஆசிரியை எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஐயோ டீச்சர், யாரு?"

"யாரும் இல்லைங்க."

"அப்ப எதுக்கு ஊருக்கு?"

"நண்டு திங்க"ன்னேன். அவங்க என்னை ஒரு மாதிரியாப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. கல்பனாவும் வர்றேன்னு ஒத்தைக் காலில நிக்கிறா. திறப்பு விழாவுல கேட்க அவகிட்டயும் ரெண்டு கேள்வி இருக்காம்.

நேத்து சாயங்காலம் அக்கா வீட்டுக்காரரோட அரிசி மண்டிக்குப் போன் போட்டேன். அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். ஓடி வந்திருக்கா, மூச்சு வாங்குது.

"அக்கா, நான் ஊருக்கு வரேன்."

"ஐயய்யோ, யாருக்குடி என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைக்கா. எல்லாரும் நல்லா இருக்கோம். சும்மா வரேன்."

  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு.

"எத்தனை கிலோடி வாங்கட்டும்?"ன்னா.